மெக்கர் வைக்காத மோட்டார்

காலை ஐந்து நாற்பது. ஷட்டரைத் தூக்கியதும் முதலில் தெரிந்தவை வாசலில் கிடந்த மூன்று மோட்டார்கள். மூன்றிலும் சீட்டு கட்டியிருந்தது. மூன்றிலும் ஒரே வார்த்தை: அவசரம்.

மரக்காணத்தில் இருபத்திரண்டு வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மாசியில் உப்பு சீசன் தொடங்கினால் மழை வரும்வரை உப்பளத்துப் பம்புகள் ஓயாது. உப்புக் காற்று மோட்டாருக்குள் சுற்றிய செம்புக் காயிலைத் தின்றுவிடும். மோட்டார் நின்றால் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் அந்த மாதங்களில் எனக்கு ஞாயிறு கிடையாது, மதியச் சாப்பாடுகூட நின்றபடிதான். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன்.

அன்று சித்திரை வெயில். சரியாகத் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. முதலில் எடுத்த மோட்டார் ஏழுமலையுடையது. குத்தகைக்குப் பாத்தி எடுத்து உப்பு போடுகிறவர். பதினோரு மணிக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாப்பா, இன்னுமா சுத்துற? எங்க வீட்டம்மா இந்நேரம் ரெண்டு பாய் முடைஞ்சிருப்பா."

"சுத்தியாச்சுங்க. கரன்ட் கசியாம இருக்க ஊத்துன வார்னிஷ் காயணும். நாளைக்குக் காலையில தர்றேன்."

"நாளைக்கா? பாத்தி வெடிச்சிடும். அப்புறம் உன் வார்னிஷைத்தான் ஊத்தணும். குடுத்துடுப்பா."

இரண்டு மணிக்குக் கொடுத்துவிட்டேன். மோட்டார் பாடிக்குக் கரன்ட் கசிகிறதா என்று பார்க்கும் மெக்கர் கைக்கெட்டும் அலமாரியில் இருந்தது. எடுக்கவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே ஞாபகத்துக்கு வரவில்லை.

நாலரை மணிக்கு ஏழுமலை போன் செய்தார். "அஞ்சலையைக் கரன்ட் தூக்கிப் போட்டுடுச்சுப்பா."

அஞ்சலை அவருடைய பாத்தியில் உப்பு வாருகிறவர். ஹோஸைத் திருப்பும்போது மோட்டாரைத் தொட்டிருக்கிறார். அங்கே எர்த் கம்பியும் உப்பில் அரித்துப்போயிருந்தது. பாத்தித் தண்ணீரில் விழாமல் காய்ந்த வரப்பில் விழுந்ததால் உயிர் தப்பியது.

ஆஸ்பத்திரியில் அஞ்சலை கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. விரல் மடங்கவில்லை. ஏழுமலை ஜன்னல் ஓரம் நின்றிருந்தார்.

"என் தப்பும்மா. டெஸ்ட் பண்ணாம குடுத்துட்டேன்" என்றேன்.

அஞ்சலை என் முகத்தையே பார்த்தார்.

"உன் கண்ணப் பார்த்தா நீதான் இங்க படுக்கணும் போலக்கீதுண்ணா. தூங்கிட்டு வேலை செய். அந்த மோட்டாரை தினம் தொடறது நான். இவரு இல்ல."

ஏழுமலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அஞ்சலைக்கு விரல் மடங்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். புதிதாகக் கடை போடும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன்: களைத்த கை ஏதாவது ஒரு படியை விட்டுவிடும். விட்டது நமக்குத் தெரியாது.

அடுத்த வாரம் கடை வாசலில் எழுதி மாட்டினேன். ஞாயிறு விடுமுறை. மதியம் ஒன்று முதல் மூன்று வரை கடை இல்லை. எந்த மோட்டாரும் மறுநாள்தான். இரண்டு பேர் மோட்டாரைத் திண்டிவனத்துக் கடைக்குக் கொண்டுபோனார்கள். "பத்து நாள் தாங்குமா இந்த போர்டு?" என்று என் மனைவி சிரித்தாள். ஏழுமலைதான் அதிகம் கத்தினார்.

"கடை வெச்சிருக்கியா, கலெக்டர் ஆபீஸ் வெச்சிருக்கியா?"

வைகாசியில் ஒரு நாள், மதியம் ஒன்று இருபதுக்கு ஷட்டர் தட்டும் சத்தம். நான் உள்ளே பாயில் படுத்திருந்தேன்.

"ஏம்பா, மோட்டார் பூட்ச்சு. தொற!"

"மூணு மணிக்குத்தாங்க."

"அய்யா தூங்குறாராம், அய்யா!" ஏழுமலையின் குரல். நாங்கள் தூங்கும் நேரத்தில் பாத்திக்குப் போகிறவர் அவர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருப்பார். கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். பிறகு சத்தம் இல்லை. திண்டிவனத்துக்குப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். வாசல் நிழலில் மோட்டார்மேல் தலை வைத்து, முகத்தில் துண்டு போட்டுப் படுத்திருந்தார்.

எழுப்ப மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.