உப்பு ஒரு கிள்ளுக் குறைவு

கல்யாணமான முதல் வருடம் நான் எந்த நாளில் என்ன சமைத்தேன், எது சரிவந்தது, எது பிழைத்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். பிள்ளைகள் பிறந்த கிழமைகூட எனக்குச் சில நேரம் தடுமாறும். அந்த வருடத்துக் கறிகள் தடுமாறாது. மறந்துவிடு என்று பலபேர் சொன்னார்கள். அவர்களுடைய சமையலைப் பார்த்து ஒரு ஒழுங்கைத் தெருவே சிரித்ததில்லை, அதனால் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்குச் சீதனம். என் அம்மா நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா வாவியில் வீச்சுவலை வீசி என்னை வளர்த்தார், வீட்டையும் என் பேரில் எழுதினார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல், தென்னை, நாங்கள். செட்டிபாளையத்தில் எல்லா வீடும் ஏறக்குறைய அப்படித்தான்.

பதினொரு வயதிலிருந்து அப்பாவுக்கு நான்தான் சமைத்தேன். அவர் குறை சொல்லத் தெரியாத மனிதர். கருகினால் "வாசமா இரிக்கி" என்பார். வேகாவிட்டால் "பல்லுக்கும் வேலை வேணும்தானே" என்பார். அதனால் பத்தொன்பது வயதுவரை நான் நல்ல சமையல்காரி என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் கல்யாணம். என்னைக் கட்டினவர் தென்னந்தோட்டத்தில் கங்காணியாக இருந்தார், மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். மூன்றாம் நாள் முதன்முதலாக அவருக்கு என் கையால் மணலை மீன் குழம்பு வைத்தேன். ஒரு பிடி தின்றார். அடுத்த பிடியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார்.

"அம்மா இதுக்குள்ள வெந்தயம் போடுவா" என்றார். தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் மத்தியானம் அவருடைய அம்மா, என் மாமி, வந்தாள். வாய் அகன்ற கறுத்த மண்சட்டி, அதற்கு மேலே வெள்ளைத் துணி, நான்கு மூலையையும் சேர்த்து ஒரு முடிச்சு. அவள் வீடு ஒழுங்கையின் கீழ் முனையில், வாவிக் கரையோடு. எங்கள் வீடு மேல் முனையில். நடுவில் எட்டு வீடு. அந்த எட்டு வீட்டு வாசல் கடப்படியிலும் நின்று, கேட்காதவர்களுக்கும் சேர்த்து, "மகனுக்குக் கொஞ்சம் கறி கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் வளவுக்குள் கால் வைத்தாள்.

"நீயும் ஆக்கு புள்ள, பழகத்தானே வேணும்" என்றாள் என்னிடம். "அவனுக்கு இது இரிக்கட்டும்."

அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் சட்டி வந்தது. என் வீடு, என் அடுப்பு, என் அப்பா பிடித்த மீன், கறி மட்டும் மாமியுடையது. என் கறியை அப்பாவும் கோழிகளும் பங்குபோட்டுக்கொண்டார்கள். தண்ணீர் அள்ளப் போனால் அடுத்த வளவுக்காரி கிணற்றடியில் நின்று, "என்னகா, மாமிட சட்டி வந்திட்டா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள். பொத்தினாலும் சிரிப்புக் கண்ணில் தெரியும்.

இதை நிறுத்தவேண்டும். அவர் என் சட்டியிலிருந்து சோறு தின்னவேண்டும், அதை அந்த எட்டு வீடும் பார்க்கவேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

ஆசை மட்டும் போதாதே, கையும் வரவேண்டும். மாசியில் நண்டு வைத்தேன். தேங்காய் முதற்பாலை விட்டபிறகு அடுப்பைத் தணிக்கவேண்டும் என்று தெரியாமல் கொதிக்கக் கொதிக்க எரித்தேன். பால் திரைந்து குழம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாக மிதந்தது. பங்குனியில் குரக்கன் பிட்டு. கேழ்வரகு மாவில் தண்ணீர் கூடிவிட்டது. குழலிலிருந்து தள்ளினேன், உதிராமல் குழலின் உருவத்திலேயே விழுந்து உருண்டது. அப்பா அதைக் கையில் எடுத்து நிறை பார்த்துவிட்டு, "அம்மிக்கு ஒரு குழவி தேவைதான்" என்றார். நானும் சிரித்தேன். குசினிக்குள் போனபிறகு அழுதேன்.

சித்திரையில் எனக்கு ஒரு புத்தி வந்தது. அவர் தோட்டத்துக்குத் திரும்பிப் போனதும் மாமியின் சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விரலால் வழித்து வழித்து நக்கினேன். வெந்தயம் எவ்வளவு, கறிச்சரக்கை எந்த அளவுக்கு வறுத்திருக்கிறாள், புளி எப்போது விட்டிருக்கிறாள் என்று நாக்கால் தேடினேன். எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. எதிரியின் சட்டியை நக்கித்தான் படித்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

நேர்மையாகச் சொல்லவேண்டும், அவள் கறி நல்ல கறி. வைகாசியில் அந்தக் கைப்பக்குவம் எனக்கு வந்தது. இறாலும் முருங்கைக்காயும் வைத்தேன், அப்பா வாய் பேசாமல் மூன்றுதரம் சோறு கேட்டார். அப்பா பேசாமல் தின்றால் அதுதான் பெரிய பாராட்டு. கட்டினவர் மட்டும் என் சட்டியின் பக்கம் திரும்பவில்லை. ஆனால் நக்கிப் படித்ததில் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மாமியின் கறியில் உப்பு ஏறிக்கொண்டே வந்தது. வயது போகப்போக அவள் நாக்குக்கு உப்பு விளங்கவில்லை. அவருக்கு அது தெரியும். தின்றுவிட்டு இரண்டு செம்பு தண்ணீர் குடிப்பார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

ஆடி மாதம் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மாமி சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். காற்றில் குசினியின் ஓலைத் தட்டி சாய்ந்து சட்டியில் விழுந்தது. சட்டி உடையவில்லை, கறி முழுக்க மணலில். ஒழுங்கையில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கிறது. வேண்டுமென்று கொட்டினேன் என்றுதான் சொல்வார்கள். யோசிக்க நேரமில்லை. மாமியின் சட்டியைத் துடைத்தேன், நான் வைத்திருந்த கொடுவா மீன் குழம்பை அதற்குள் ஊற்றினேன், துணியைக் கட்டினேன்.

அவர் முடிச்சை அவிழ்த்துக் கறியை ஊற்றிப் பிசைந்தார்.

"இது கறி" என்றார். விரலை நக்கினார். "அம்மாட கை அம்மாட கைதான். நீ ஏழு பிறப்பெடுத்தாலும் உனக்கு இது வராது."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னால் வந்த கோபம் இன்றுவரை முழுதாகப் போகவில்லை. அப்படியென்றால் குற்றம் என் கறியில் இல்லை, சட்டியில் இருக்கிறது. இன்னும் உறுதியாகத் தெரியவேண்டும் என்று மறுநாள் மாமியின் கறியை என் சட்டியில் ஊற்றி, இதையும் கொஞ்சம் பாருங்கள் என்று வைத்தேன். வாயில் வைத்தவுடன் முகத்தைச் சுளித்தார்.

"உப்புக் கரிக்குது. கை அளவு தெரியாதா உனக்கு?"

அதற்குப் பிறகு கார்த்திகைவரை தினமும் அதே வேலைதான். மாமி சட்டியைக் கொண்டுவருவாள். அவள் தலை மறைந்ததும் உள்ளே இருப்பதை அப்பாவுக்கு எடுத்து வைத்துவிட்டு என் கறியை அதில் ஊற்றிக் கட்டுவேன். அவர் தின்பார், அம்மாவைப் புகழ்வார். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். உப்புக் கறியைத் தின்று தின்று அவரும் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். "இது எத்தின நாளைக்கு மகள்?" என்று ஒருநாள் கேட்டார். என் சமையலுக்கு அவளுக்குப் பேர் போய்க்கொண்டிருந்தது, வயிறு எரிந்தது. ஆனாலும் அவர் ஒவ்வொரு பிடியாக ஏமாறுவதைப் பார்க்க எனக்கு இனிப்பாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, இனிப்பாகத்தான் இருந்தது.

மார்கழியில் மழை ஒன்பது நாள் விடாமல் பெய்தது. வாவி ஏறி ஒழுங்கையின் கீழ் முனைக்குள் வந்துவிட்டது. மாமியின் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சட்டி பானை எல்லாம் அங்கேயே கிடந்தன. இரண்டு நாள் நான் ஆக்கினேன், அவர் என் சட்டியைப் பார்த்ததும் வழக்கம்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றார். மூன்றாம் நாள் காலையில் மாமி என் அகப்பையை என் கையிலிருந்து வாங்கினாள்.

"எண்ட புள்ள எத்தின நாளைக்கு இப்பிடித் தின்னுறது? இண்டைக்கு நான் ஆக்கிறன். நீ அங்கால இரி."

இருந்தேன். கருவாடும் கத்தரிக்காயும் என் சட்டியில் கொதித்தது. அவள் உப்பை இரண்டுதரம் அள்ளிப் போட்டதைப் பார்த்தேன். மூன்றாம்தரமும் போட்டாள். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அவர் நனைந்துகொண்டு வந்து உட்கார்ந்தார். மாமியே சோறு போட்டாள், மாமியே கறி ஊற்றினாள். கறி வந்தது என் சட்டியிலிருந்து. ஒரு பிடி வாயில் வைத்தார், அப்படியே முற்றத்தில் துப்பினார்.

"இதென்ன கறியா, உப்பளமா? வாய்க்குள்ள வைக்க ஏலாது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பிறகு மாமியின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க இஞ்ச இரிக்கக்குள்ளயும் இவளை ஆக்க விட்டீங்களா? இத்தின மாசமா நீங்க அனுப்பின கறியில ஒருநாள், ஒரே ஒருநாள் உப்புக் கூடியிரிக்கா?"

மாமி அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. அப்போதாவது உண்மையைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"ஓம் மனே" என்றாள் மாமி. "சின்னப்புள்ளதானே. பழகிருவாள்."

மூலையில் இருந்த அப்பா வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி அடக்கினேன். அந்த நேரத்தில் சொன்னால் அது வெறும் சண்டையாகப் போய்விடும், எனக்குச் சண்டை வேண்டாம். முழுதாக வேண்டும்.

அவர் போனபிறகு மாமி குசினிக்குள் வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"எப்ப இருந்து?" என்று கேட்டாள்.

"ஆடியில இருந்து."

"எண்ட கறி?"

"அப்பா திண்டவர்."

சட்டிக்குள் விரலை விட்டு நக்கினாள். இன்னொருதரம் நக்கினாள். "கூடவா இரிக்கி?" என்றாள்.

"சித்திரையில இருந்தே கூட மாமி."

"ஒருத்தரும் சொல்லல்லியே புள்ள" என்றாள். அந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஆனால் என் கோபம் அன்றைக்கு வேறு பக்கம் திரும்பியது. எனக்குத் தெரிந்து சித்திரையிலிருந்து ஆடிவரை இந்த மனிதர் அம்மாவின் முகம் வாடக்கூடாது என்று உப்பைத் தண்ணீரோடு விழுங்கியிருக்கிறார். நான் வைத்தது என்றால் மட்டும் தட்டைத் தள்ளவும் துப்பவும் தெரிந்திருக்கிறது. அவருக்கு நாக்கில் ஒரு பழுதும் இல்லை.

வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள், வெள்ளம் கடலுக்குள் இறங்கியது. மாமி வீட்டுக்குப் போனாள். தை பிறந்து சில நாள், எங்களுக்குக் கல்யாணமாகிச் சரியாக ஒரு வருடம். மத்தியானம் ஒழுங்கையில் அவள் குரல் கேட்டது. அதே சட்டி, அதே துணி, எட்டுக் கடப்படியிலும் அதே பேச்சு. என் கையில் தந்தாள். சட்டி பாரமே இல்லை.

"மனுசர் பாக்கிறாங்க புள்ள" என்று மெதுவாகச் சொன்னாள். "உள்ள கொண்டு போய் உன்ட கறியை ஊத்து."

எனக்கு அந்தத் துணிச்சல் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெறும் சட்டியைச் சுமந்து எட்டு வீட்டில் பேர் வாங்குவதற்கும் ஒரு தைரியம் வேண்டும். சட்டியை வாங்கி உள்ளே போனேன். ஊற்றவில்லை. முடிச்சைத் தொடக்கூட இல்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் சோற்றைப் போட்டு, சட்டியை முன்னால் வைத்தேன். மாமி குசினி வாசலிலேயே நின்றாள்.

"உங்கட அம்மா கொண்டு வந்தது. அவிழ்த்துப் பாருங்க."

அவிழ்த்தார். உள்ளே பார்த்தார். சட்டியைச் சரித்து இன்னொருதரம் பார்த்தார்.

"ஆடி மாசத்தில இருந்து இதுக்குள்ள இருந்ததெல்லாம் எண்ட கறி" என்றேன். "வெள்ளத்துக்குள்ள நீங்க துப்பினது உங்கட அம்மாட கறி."

அவர் மாமியைத் திரும்பிப் பார்த்தார். பொய் என்று சொல்லவேண்டும் என்று கெஞ்சுகிற பார்வை. மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் மனே" என்றாள். "உப்புக் கூடிப்போச்செண்டு நீ ஒருநாள் எனக்குச் சொல்லியிருக்கலாம்."

அவர் வெறும் சட்டியை ஒதுக்கி வைத்தார். அருகில் இருந்த என் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். கறியை ஊற்றிப் பிசைந்து தின்றார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. இரண்டாம்தரம் சோறு கேட்டார். போட்டேன்.

அந்தச் சட்டி அதற்குப் பிறகும் தினமும் ஒழுங்கையால் வந்து போனது. வெறுமையாக வரும், என் கறியோடு மாமியின் வீட்டுக்குத் திரும்பும். எந்தப் பக்கம் போகும்போது அதற்குள் கறி இருக்கிறது என்று எட்டு வீட்டுக்கும் தெரியாது. கண்மூடும்வரை மாமி நான் வைத்ததைத்தான் தின்றாள். அவளால் அதைவிட வேறு என்ன செய்திருக்க முடியும்? அவளுடைய பங்கில் உப்பை எப்போதும் சரியாக வைத்தேன். அவளோடு என் கணக்கு முடிந்துவிட்டது.

அவரோடு மட்டும் முடியவில்லை. அன்றிலிருந்து அவருடைய கறியை வேறாக எடுத்து, உப்பை ஒரு கிள்ளுக் குறைத்து வைத்தேன். முப்பத்தொரு வருடம். உப்புக் காணாது என்று ஒருநாள் கேட்டிருந்தால் அந்த நிமிடமே போட்டிருப்பேன். அவர் கேட்கவேயில்லை. ஒவ்வொரு மத்தியானமும் முதல் பிடியை வாயில் வைத்துவிட்டு என் முகத்தை ஒருதரம் பார்ப்பார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு தின்பார்.