கண் கொட்டாத அத்தை

எங்கள் அத்தை கன்னடப் படங்களில் பேயாக நடித்தாள். கதாநாயகிகள் வந்தார்கள், போனார்கள். ஆனால் மழையில் நனைந்துகொண்டு யார் போய்ப் பாழடைந்த பங்களாவின் கதவைத் தட்டினாலும், திறப்பது அத்தைதான். இடைவேளை வரைக்கும் வேலைக்காரி. அவள் செத்துப் பல வருஷமாயிற்று என்பது அப்புறம்தான் தெரியவரும். கேமரா மூக்கு நுனி வரை வந்தாலும் அவளுக்கு இமை அசையாது. "அழகா இருக்கறவங்க கண்ணடிச்சுப் பொழைக்கறாங்க, நான் அடிக்காமப் பொழைக்கறேன்" என்பாள்.

அப்பாவுக்கு அக்கா. மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவளோடு கடைக்குப் போனால் காய்கறிக்காரர் பயந்து நடுங்குவதுபோல் பாவனை செய்து ஒரு கட்டுக் கொத்தமல்லியைச் சும்மா போடுவார். எனக்குப் பெருமை பிடிபடாது. அம்மாவுக்குத்தான் மானம் போகும்.

என் அக்காவைப் பெண் பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்தபோது நான் நான்காம் வகுப்பு. அக்காவுக்கு எம்.எஸ்ஸி. சேர ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டதால் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். எனக்கோ அந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும். ஊதா நிறத்தில் பட்டுப்பாவாடை எடுத்துத் தருவதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்.

"அண்ணி, அவங்க போறவரைக்கும் சும்னே பேசாம உள்ளயே இருந்துடுங்க" என்று அம்மா அத்தையிடம் கெஞ்சினாள். அத்தை மறுக்கவேயில்லை. பஜ்ஜியைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறைத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. மாப்பிள்ளை நல்ல உயரம். அவருடைய அம்மா பஜ்ஜியைப் புகழ்ந்துவிட்டு, "படிச்சது போதும். எங்க வீட்ல பொண்ணுங்க வெளிய போற வழக்கமில்ல" என்றார். அப்பா தலையாட்டினார். அக்கா திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தட்டு காலியானதைச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திரை மெதுவாக விலகியது. அத்தை தலையை விரித்துப் போட்டிருந்தாள். கையில் பஜ்ஜித் தட்டு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, நேரே மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"வாங்க. உங்களுக்காகத்தான் காத்துட்டிருந்தேன்."

பங்களாக் கதவைத் திறந்ததும் ஒவ்வொரு படத்திலும் அவள் கன்னடத்தில் சொல்லும் அதே வசனம். கண் கொட்டவில்லை. மாப்பிள்ளையின் காப்பி அவர் மடியிலேயே கவிழ்ந்தது. "அய்யய்யோ, அந்த பங்களா தெவ்வா!" என்று பேய்க்கான கன்னடச் சொல்லால் அலறியபடி அவர் அம்மா எழுந்தே விட்டார். அத்தை மட்டும் மிகுந்த மரியாதையுடன், "இன்னும் ரெண்டு பஜ்ஜி?" என்று தட்டை நீட்டினாள்.

மறுநாள், ஜாதகம் சரியாகப் பொருந்தவில்லை என்று போன் வந்தது. அத்தையைத் திட்டலாம் என்றால் அம்மாவுக்குப் பிடி கிடைக்கவில்லை. வந்தவர்களை வாங்க என்றதும் உபசரித்ததும் குற்றமா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வரன் தட்டிப்போன துக்கத்தில் பெண் உடைந்துவிடப் போகிறாளே என்று பயந்து, அப்பா தானே போய் எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் வாங்கி வந்தார்.

அன்று சாயங்காலம் நான் கொல்லைப்புறம் போனேன். அத்தையின் தலைக்கு அக்கா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் முந்தானையை வாயில் அடைத்திருந்தார்கள். தோள்கள் குலுங்கின, கண்களில் நீர் வழிந்தது. பாவம், இரண்டு பேருக்கும் எவ்வளவு துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். போதாததற்கு ஊதாப் பாவாடை வேறு நினைவுக்கு வந்தது. நடுவில் போய் உட்கார்ந்து, இருவரையும் கட்டிக்கொண்டு நானும் ஓவென்று அழுதேன்.

அவர்கள் இன்னும் பலமாகக் குலுங்கினார்கள்.