விடிந்தால் செத்துப்போகும் பேட்டரி

பேட்டரி வேலை என்பது, திருடன் ஓடிப்போன பிறகு வீட்டுக்காரனைப் பிடித்து விசாரிக்கிற வேலை. கரண்டைக் குடித்தவன் எவனோ இருப்பான், பேச்சு வாங்குவது பேட்டரியும் அதை விற்றவனும்தான். என்னைப்போல் இந்தக் கறுப்புப் பெட்டியோடு மாரடித்த அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் தூத்துக்குடி பீச் ரோட்டுப் பக்கம் கடை போட்டிருந்தேன். கூட்டாளி சண்முகம் சார்ஜ் ஏற்றுவான், நான் வயரிங் பார்ப்பேன். ஊர்க் காற்றே உப்பு. இன்றைக்குத் துடைத்த டெர்மினலில் நாளைக்குப் பச்சை பூத்து நிற்கும். அதனால் எந்த வண்டி வந்தாலும் உப்பின் மேல் பழியைப் போட்டு நிம்மதியாக இருந்தோம், அந்த வண்டி வருகிறவரை.

ஆம்புலன்ஸ் வீடான கதை

பர்னாந்து அண்ணாச்சி சரக்குக் கப்பலில் செராங்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்கிற ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி. கரைக்கு வந்ததும் ஏலத்தில் ஒரு பழைய ஆம்புலன்ஸை எடுத்தார். உள்ளே பலகைக் கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம், ஒரு ஃபேன், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. அம்சமான வீடு. கூரையின் முன்பக்கம் ஒரு குட்டிக் கம்பம், அதன் உச்சியில் கான்வாஸ் உறை போட்டு என்னமோ ஒன்று. கொடிக்கம்பமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் அவர் மனைவி ரெஜினா மதினிக்காக. இவர் கப்பலிலிருந்து தகவல் வராத ஒவ்வொரு தடவையும் அவர்கள் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வார்களாம். இவருக்கு லீவே கிடைக்காததால் ஒன்றுகூட நிறைவேறவில்லை. இப்போது மதினிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. அதனால்தான் கட்டில் போட்ட வண்டி. ஆனால் சாயங்காலம் நிறுத்தினால் காலையில் கிளம்பாது. வேளாங்கண்ணியில் கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருந்தது. என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய், பேட்டரியை என் கையில் கொடுத்துவிட்டு மதினியைத் திரும்பிப் பார்த்தார் அண்ணாச்சி. மதினி என்னைப் பார்த்துச் சொன்னார்கள்:

"தம்பி, கடலைக் காட்டி இத்தன வருசம் இவங்க ஏமாத்துனாங்க. இப்ப பேட்டரியக் காட்டுதாங்க."

பகலில் யோக்கியன்

பேட்டரியைக் கடையில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தேன். காலையில் பல்பை மாட்டினால் கண் கூசுகிறது. செல் எல்லாம் நல்ல செல். சரி, வண்டியில்தான் கரண்ட் ஒழுக்கு என்று போனேன். பேட்டரி வயரைக் கழற்றி நடுவில் ஒரு சின்ன பல்பைக் கோத்தேன். எங்கேயாவது திருட்டுத்தனமாகக் கரண்ட் ஓடினால் அது எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். எரியவில்லை! டைனமோவைப் பார்த்தேன், கரண்ட் டைனமோவுக்குத் திரும்பி ஓடாமல் தடுக்கிற கட்-அவுட்டைப் பார்த்தேன், ஃபேனையே கழற்றிக் கீழே வைத்தேன். ஒரு குறையும் இல்லை. வயரை மாட்டிவிட்டு வந்தால் மறுநாள் காலை அண்ணாச்சி கடை வாசலில் நிற்கிறார், கையில் செத்த பேட்டரி.

"அண்ணாச்சி, ராத்திரி ஏதாச்சும் லைட்ட அணைக்க மறந்துருதீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ஏலே, கப்பல்ல ஒரு லைட்ட மறந்து எரியவிட்டா கேப்டன் என்னத் தூக்கிக் கடல்ல போட்டுருப்பான்லே! என்னயவா கேக்க?"

தீர்த்தம் தெளித்தும்

எனக்குத் தலை சுற்றியது. புதுப் பேட்டரி போட்டேன், அதுவும் விடியும்போது செத்தது. மழை பெய்த ராத்திரியும் செத்தது, பெய்யாத ராத்திரியும் செத்தது. ஒரே ஒரு ராத்திரி மட்டும் சாகவில்லை. அண்ணாச்சி மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு வண்டியை வீட்டில் விட்டுவிட்டு மணப்பாடு போயிருந்தாராம். ஆள் ஊரில் இல்லாவிட்டால் பேட்டரி பிழைக்கிறது! இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சண்முகம் வேறு, "வண்டியில செத்துப்போன நோயாளி எவனோ இன்னும் இறங்கல" என்று கிளப்பிவிட்டான். ஆம்புலன்ஸ் அல்லவா, நானே பாதி நம்பிவிட்டேன்.

மதினி காதுக்கு இது எட்டி, பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து வண்டியை மந்திரித்தார்கள். தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி, எல்லோருக்கும் பழம் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு பழம். மறுநாள் காலை ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வாசலில் நின்ற மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. சண்முகம் மட்டும் கூசாமல் கேட்டான்:

"மதினி, சாமியார் வண்டிய மட்டும் மந்திரிச்சாரா, பேட்டரியையும் சேத்து மந்திரிச்சாரா?"

கோவில் மணி

கடைசி முயற்சியாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைச் சாயங்காலம் நானே கொண்டுபோய் மாட்டினேன். அதுவரை காலையிலும் மத்தியானத்திலும்தான் போயிருக்கிறேன், பொழுது சாய்ந்தால் கடையைப் பூட்டுகிறவன் நான். மதினி காப்பி கொடுத்தார்கள். பாதி குடித்திருப்பேன், கோவிலில் மணி அடித்தது. அண்ணாச்சி எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். நேரே வண்டிக்குப் போய், படியில் ஏறி, கம்பத்தின் மேலிருந்த கான்வாஸ் உறையைக் கழற்றினார். அடியில் ஒரு சுவிட்சைத் தட்டினார். தெருவே வெளிச்சமானது! கம்பத்தின் உச்சியில் ஹெட்லைட் பல்பு போட்ட கண்ணாடி விளக்கு.

"என்ன அண்ணாச்சி இது?" காப்பி என் சட்டையில்.

"நங்கூர விளக்குலே. நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல்ல பொழுது சாஞ்சதுலருந்து விடியுறவரை வெள்ள விளக்கு எரியணும். சட்டம்."

"நான் லைட்டு எரியுதான்னு கேட்டேனே!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மறந்து எரியிற லைட்டத்தான நீ கேட்ட. இது மறக்காம எரியிறதுலே."

நங்கூரம் தூக்கியது

அணைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். மனிதர் அசையவில்லை. "விளக்கில்லாம நின்னா எவனாச்சும் வந்து மோதுவான்" என்கிறார். வண்டி நிற்பது அவர் வீட்டு வேலிக்குள்ளே! முட்டினால் ஆடுதான் முட்டும். நான் கத்தினேன், அவர் அதற்கு மேல் கத்தினார். மதினி சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார்கள். திரும்பி வரும்போது கையில் அரிக்கேன் விளக்கு, திரி ஏற்றிக் கொளுத்தியது.

அண்ணாச்சி அதை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "கப்பல்ல கரண்டு போனா எண்ணெய் விளக்குதான் ஏத்துவோம்" என்று முனகினார். ஏறி, அதைக் கம்பத்தில் கட்டினார். எலெக்ட்ரிக் விளக்கின் வயரை நான் பிடுங்கினேன், அவர் தடுக்கவில்லை. விடிந்ததும் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே உறுமியது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. மதினியைக் கட்டிலில் ஏற்றிப் படுக்கவைத்தோம். திரையை விலக்கி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்:

"தம்பி, வழியில எங்கயும் நிறுத்தாதீங்கன்னு சொல்லு. நிறுத்துனா வெளக்குப் போடுவாங்க."

திரும்பி வந்தவர்கள்

திருவிழா முடிந்து வந்ததும் மதினி கடைக்கே வந்துவிட்டார்கள், மாதா கோவில் எண்ணெயும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு. அந்தக் கூட்டத்தில் அண்ணாச்சி கை விட்டுப்போய்விட்டதாம். இருட்டில் வரிசை வரிசையாக மாட்டுவண்டியும் பஸ்ஸும். கால் வலி, எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை, மணலிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். தலையைத் தூக்கினால் தூரத்தில் எல்லா வண்டிக்கும் மேலே ஒரு மஞ்சள் வெளிச்சம். அதைப் பார்த்துப் பார்த்தே நடந்து வண்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மதினி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி வெளியே போய் வண்டி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனையோ வருசம் கரையில நின்னு இவங்க கப்பல் வெளக்கு தெரியுதான்னு பாத்தேன் தம்பி. ஒரு நாளும் தெரியல. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

ஆகவே அன்பர்களே, அன்றிலிருந்து பேட்டரி செத்த வண்டி எது வந்தாலும், நான் வண்டியைத் திறப்பதற்கு முன்னால், "அண்ணாச்சி, இதுக்கு முன்ன நீங்க என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டுவிடுகிறேன்.