வேதாசலம் உருகிய தெருமுனை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சோல் ஒட்டுகிற வேதாசலத்துக்கு உருதுவில் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. பக்கத்தில் நின்று வேலை செய்யும் கலீமுல்லா பாய் இருபது வருஷமாகக் கண்ணை மூடி உருகி உருகிப் பாடியதைக் கேட்டே மனப்பாடமாகிவிட்டது. கண்ணை மூடினால் சாமி பாட்டுதானே? அர்த்தம் கேட்கத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்து, விபூதி பூசி, கற்பூரம் காட்டும்போது அதையே பாடுவார். சாமிக்கு எல்லா பாஷையும் தெரியும் என்பது அவர் கட்சி.

போன வெள்ளிக்கிழமை, கறிவேப்பிலை கேட்க வந்த பக்கத்து வீட்டு மஹ்பூபி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, அண்ணன் இன்னாத்துக்கு இப்பிடி அழுவுறாரு?"

"அழுவுறாரா? சாமி கும்புடுறாருடி," என்றாள் வேதாசலத்தின் பெண்டாட்டி செல்லம்மாள்.

"'நீ வேற வூட்டு விளக்காயிட்ட, நான் இன்னும் ஒன் தெருமுனையிலதான் நிக்கறேன்'னு எந்த சாமிகிட்டக்கா சொல்லுவாங்க?"

அன்றைக்கு அணைந்த அடுப்புதான். மூன்று நாளாக வேதாசலத்துக்கு ஓட்டல் பிரியாணி. ஆம்பூரில் இதெல்லாம் ஒரு தண்டனையா என்பீர்கள். மூன்று வேளையும் தின்று பாருங்கள், தெரியும்.

"சத்தியமா அர்த்தம் தெரியாது செல்லம்மா!"

"தெரியாமதான் இருவது வருசமா உருகுனியா? எந்தத் தெருவுய்யா அது?"

நான்காம் நாள் மஹ்பூபியே தீர்ப்பு சொல்ல வந்தாள். "அர்த்தம் தெரியாதவங்க கிளி மாதிரிதான்க்கா ஒப்பிப்பாங்க. அண்ணன் நம்ம முன்னாடி பாடட்டும். தெரிஞ்சிடும்."

கெடுத்துப் பாடினால் வீட்டுச் சோறு. வேதாசலத்துக்குப் புரிந்துவிட்டது. முதல் வரியை, கசாப்புக் கடைக்கு ஆட்டை இழுப்பதுபோல் இழுத்தார். செல்லம்மாள் முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. இரண்டாவது வரியில் ஒரு ஏற்றம் உண்டு. பாயே அங்கே தடுக்கி விழுவார். விழாமல் ஏறுகிற ஆள் கம்பெனியிலேயே இவர் ஒருவர்தான். அதைப் போய்க் கெடுப்பதா? கண் தானாக மூடிக்கொண்டது.

திறந்தபோது மஹ்பூபி துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செல்லம்மாள் விறுட்டென்று உள்ளே போனாள். ஒழிந்தோம் என்று நினைத்தார். அவளோ தட்டோடு திரும்பி வந்தாள். சுடுசோறு, கருவாட்டுக் குழம்பு.

"துன்னுய்யா. இத்தினி வருசம் மனசுலயே வச்சிக்கினு எப்பிடித்தான் இருந்தியோ, பாவம். அவ பேரு மட்டும் சொல்லு. திட்டமாட்டேன்."

வேதாசலம் சோற்றைப் பிசைந்தபடி தன் ஐம்பத்திரண்டு வருஷத்தையும் துழாவிப் பார்த்தார். ஒருத்தி பேர்கூடச் சிக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

செல்லம்மாள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.