ஆற்றங்கரை மண்டபத்தில் நட்ட முகூர்த்தக்கால்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கியிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால், மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பேனாவை மூடிவிட்டுச் சாமி விளக்கின் முன்னால் போய் நின்றுவிடுவேன். நான் அதிகம் படித்தவன் அல்ல. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் என் மூத்த மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. எங்கள் ஊர் மல்லசமுத்திரம் பக்கம். எங்கள் வாசல் சிறியது, மாப்பிள்ளை வீட்டு ஜனமோ பெரியது. அதனால் காவிரிக்கரையில் இருந்த பழைய கல்மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தேன். எந்த ராஜா கட்டியதோ, யாருக்கும் தெரியாது. முகப்பிலிருந்து படிகள் நேரே ஆற்றுக்குள் இறங்கும். காவேரி ஆத்தாள் பார்க்கத் தாலி ஏறினால் மகள் நன்றாக இருப்பாள் என்று எனக்கு ஆசை.

சாவி கொடுத்த காவல்காரர் சொன்னார்: “தூண்ல ஆணி அடிக்கக் கூடாதுங்க. கவிச்சி ஆகாதுங்க. அப்பறம், ஆவணி மாசமுங்க. அணையில தண்ணி உட்டா நாங்க பொறுப்பில்லீங்க.”

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் முகூர்த்தக்கால் நட்டோம். மூன்று கிளையுள்ள பாலைமரக் கொம்பு அது. மண்டபத்துக்குள் கல்தளம், குழி தோண்ட முடியாது. ஆகையால் படிக்கு மேலே இருந்த மண்திட்டில் நட்டு, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து கட்டினோம். நட்ட கால் தாலி ஏறும்வரை அசையக் கூடாது. அசைந்தால் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள்.

மத்தியானப் பந்தி நடக்கும்போது ஆற்றின் நிறம் மாறியது. செம்மண்ணைக் கரைத்தாற்போல் வந்தது. பெண்கள் துணி அலசிய படியைக் காணோம். கொஞ்ச நேரத்தில் அதற்கு மேற்படியையும் காணோம். சத்தமே இல்லாமல் ஏறியது.

காவல்காரர் ஓடி வந்தார். “இன்னும் ஏறுமுங்க. சனத்த மேட்டுக் கோயிலுக்கு ஏத்துங்க.”

சனம் ஏறிவிடும். கால்?

என் மனைவியின் அண்ணன் குறுக்கே நின்றார். “நட்ட காலப் புடுங்கறதா? புத்தி கெட்டுப் போச்சா மாப்ள? கால் இருக்கற எடத்துலதான் தாலி.”

“அப்பச் சரிங்கண்ணா, நீங்களும் கூட நின்னு மீனுக்குப் பந்தி போடுங்க” என்றாள் என் மனைவி.

சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரரைப் பார்த்தேன். அவர் முகமும் வெளுத்திருந்தது. “நான் இப்பிடிப் பாத்ததே இல்லீங்க. புடுங்குன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்.”

மகள் மஞ்சள் பூசிய முகத்தோடு பக்கத்தில் வந்தாள். “ஏனுங்கப்பா, பயமா இருக்குதுங்களா?”

“இல்ல சாமி.”

“எனக்கு இருக்குதுங்க. புடுங்கிருங்கப்பா.”

தண்ணீர் திட்டைத் தொட்டுவிட்டது. இறங்கினேன். ‘ஆத்தா, குத்தம்னா எம்மேல போடு, புள்ள மேல போட்றாத’ என்று சொல்லி, காலைக் கட்டிப்பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். தோளில் சுமந்துகொண்டு மேடேறினேன். கோயில் வாசலில் மறுபடியும் நட்டோம். மறுநாள் காலையில் அங்கேதான் தாலி ஏறியது. கீழே மண்டபத் தூண்கள் பாதிவரை தண்ணீரில் நின்றன.

என் பயம் அத்தோடு வடியவில்லை. மகள் ஊரிலிருந்து யாராவது சைக்கிளில் வந்து இறங்கினால், “புள்ள நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு ஓடுவேன். முதல் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில், வேண்டாத சாமியில்லை. குழந்தை அழுத சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த பிரசவத்திலும் அப்படித்தான். மகள் நன்றாக இருக்கிறாள்.

இப்போது உறவுக்காரர்கள் கதையை மாற்றிவிட்டார்கள். ஆத்தாளே காலைப் பிடுங்கி மேட்டில் கொண்டுபோய் வைத்தாள் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு இன்னொருவன் ஆற்றங்கரையில் மண்டபம் பிடித்து, கால் நட்டு, தண்ணீர் ஏறும்போது ஆத்தாள் வந்து பிடுங்குவாள் என்று பிள்ளைகளோடு காத்து நின்றுவிட்டால்? அதனால்தான் எழுதிவிட்டேன். யாரிடம் சொன்னாலும் ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் சொல்லுங்கள். பிடுங்கியது ஒரு தகப்பன், நடுங்கிக்கொண்டே பிடுங்கினான். ஆத்தாள் தடுக்கவில்லை.