ஏற்றத்தில் பேசக்கூடாது

என்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பிழைக்கிறவன் முதலில் பழக வேண்டியது வாயை மூடிக்கொள்வது. தன் வாயையும், பக்கத்தில் இருப்பவர் வாயையும். பழைய கார் வைத்திருந்து, ஏற்றத்தில் அதன் என்ஜின் தட்டத் தொடங்கியதும் ரேடியோவை அணைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களிடம் சொன்னால் புரியும்.

என் மனைவி தனத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கிள்ளானில், ஓர் ஆஸ்பத்திரியின் மாடி வார்டில். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள். ஜன்னலுக்குக் கீழே ஒரு டாக்சி சரிவில் ஏறியது. அவள் கண்ணைத் திறக்காமலே சுட்டுவிரலைத் தூக்கினாள். தட்டுகிறது என்று அர்த்தம். எனக்கு அது கேட்கவில்லை. "காலையில வாங்க, நிறைய சொல்லணும்" என்றாள். காலையில் போனபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அவள் என்ன சொல்ல இருந்தாள் என்ற ஏக்கம்தான் இதை எழுத வைக்கிறது.

சத்தம் போன வண்டி

இந்த வேலையை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எழுபதுகளில் பிரிக்பீல்ட்ஸ் சந்து ஒன்றில் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். பால் டின்னுக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதுபோல் சில கார்கள் ஏற்றத்தில் ஒலித்தன. ஏன் என்று ஒரு பழைய புத்தகத்தில் படம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெட்ரோலைக் கொளுத்தும் பொறி கொஞ்சம் முந்திவிட்டால் உள்ளே தட்டும். பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்டிரிபியூட்டரின் நட்டைத் தளர்த்தி, ஒரு மயிரிழை திருப்பினால் பொறி பிந்தும், சத்தம் அடங்கும். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

முதலில் வந்தவர் ஒரு மீன் வியாபாரி. மயிரிழைக்குப் பதில் அரை விரல் அகலம் திருப்பிவிட்டேன். சத்தம் சுத்தமாக நின்றது. பங்சார் மேட்டில் பாதி ஏறியதும் வண்டியும் நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க, அவர் இறங்கி, பானெட்டில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "சத்தம் போச்சு தம்பி, வண்டியும் போச்சு லா."

பொட்டு

எந்த வேகத்தில் தட்ட ஆரம்பிக்கிறது, எந்த வேகத்தில் அடங்குகிறது என்று குறித்து வைத்தால்தான் எவ்வளவு திருப்புவது என்று தெரியும். ஓட்டிக்கொண்டே குறிக்க முடியாது. தனம் வீட்டில் ரவிக்கை தைப்பவள். முந்தானையில் எப்போதும் துணியில் குறி போடும் ஒரு சாக்பீஸ் துண்டு முடிந்திருக்கும். "நான் வரட்டுமா?" என்றாள். இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தாள். தட்டியதும் விரலைத் தூக்கினாள். உடனே எட்டி, வேகம் காட்டும் மீட்டரின் கண்ணாடி மேல், முள் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள். அடங்கியதும் இன்னொரு கோடு.

வண்டிக்குச் சொந்தக்காரரான டாக்சிக்காரர் பின் சீட்டிலிருந்து இதை எட்டி எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து நிறுத்தியதும் என் தோளைத் தட்டினார்: "பொட்டு வச்சாச்சு, சூடம் எப்ப அண்ணே காட்டுவீங்க?"

இரண்டு தலை

ஆனாலும் நாங்கள் பார்த்த வண்டிகள் எல்லாம் சோம்பிப் போயின. தட்டவில்லை, இழுக்கவும் இல்லை. தனத்தின் காதில்தான் குறை என்று நான் சந்தேகப்பட, என் கையில்தான் என்று அவள் சொல்ல, சோறு போடும்போதுகூட இதே பேச்சு. பக்கத்துக் கடையில் பெயிண்ட் அடிக்கும் சீன நண்பன் அ சோங்குக்குப் பொறுக்கவில்லை. எங்கள் சந்திலேயே வளர்ந்தவன், தமிழில்தான் திட்டுவான். எங்களோடு ஒருநாள் வந்து, அவள் கோடு போட்டதும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிச் சிரித்தான்.

அவன் காட்டித்தான் புரிந்தது: முள் கண்ணாடிக்குப் பின்னால் உள்ளே இருக்கிறது. அவள் இடப்பக்கமிருந்து பார்த்துப் போடுவதால் கோடு முள்ளுக்குச் சற்று இடப்பக்கம் தள்ளி விழுகிறது. நான் நேராகப் பார்த்துப் படிக்கிறேன். அவளுக்கு நாற்பதாக இருந்தது எனக்கு முப்பத்தைந்தாகத் தெரிந்தது. இவ்வளவு குறைந்த வேகத்திலேயே தட்டுகிறதே என்று நானும் தேவைக்கு மேல் பின்னுக்குத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். அன்று முதல் சாலையோரம் நிறுத்தி, அவள் தலை இருந்த இடத்தில் என் தலையை வைத்து அந்தக் கோட்டைப் படித்தேன். அவளும் சீக்கிரம் நகரமாட்டாள். அவள் கூந்தல் எண்ணெய் மணம் அந்த வேலையோடு சேர்ந்தது. அன்று அ சோங் சொன்னது இதுதான்: "உன் தலை ஒரு பக்கம், உன் பொண்டாட்டி தலை ஒரு பக்கம். கணக்கு எப்படி லா ஒண்ணா வரும்?"

கேசரி

என்ஜின் சுமை இழுக்கும்போதுதான் தட்டும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது: ஏற்றத்தில் பேசக்கூடாது, இறக்கத்தில் பேசலாம். பிள்ளைகள், தையல், கடை என்று வீட்டில் எங்களுக்குப் பேச நேரம் இருந்ததில்லை. தனம் எல்லாவற்றையும் இறக்கத்துக்குச் சேர்த்து வைத்திருப்பாள்.

சாலாக் செலாத்தானிலிருந்து ஒரு வாத்தியார் காரைக் கொண்டுவந்தார். இறக்கத்தில் தனம் ஆரம்பித்தாள். எதிர்வீட்டுப் பையன் ஈப்போவுக்குப் பெண் பார்க்கப் போய், தப்பான வீட்டில் நுழைந்து, அவர்கள் கொடுத்த கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "பொண்ண வரச் சொல்லுங்க" என்று கேட்டானாம். அந்த இடத்தில் அடுத்த ஏற்றம் வந்துவிட்டது. தனம் வாயை மூடி, சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாத்தியார் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினார்: "வண்டி தட்டினா தட்டிட்டுப் போவுது அண்ணே, கேசரி சாப்பிட்டவன் என்ன ஆனான்?"

இறக்கம்

அவள் போன பிறகும் இந்த வேலையைச் செய்தேன். சாக்பீஸ் தேவைப்படவில்லை, அதற்குள் கைக்கே அளவு தெரிந்திருந்தது. ஒருநாள் சுங்கை பூலோவிலிருந்து வந்த லோரிக்காரர் ஒருவர், புதிதாக வாங்கிய பழைய காரோடு வந்தார். இடப்பக்கம் அவரே உட்கார்ந்தார். ஏற்றம் முழுக்கப் பேசினார், நான் தடுக்கவில்லை. மேட்டின் உச்சி வந்தது. காலை எடுத்துவிட்டு, காரை மெதுவாக உருளவிட்டு, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டேன். பழக்கம்தான். அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, வருத்தப்பட்டவர்போல மெதுவாகச் சொன்னார்: "இறக்கத்துல போய் காது கொடுக்கிறீங்களே boss, இங்க ஒண்ணும் கேக்காது லா."

இப்போது நான் ஓட்டும் கார், தட்டினால் தானே கேட்டுத் தானே பொறியைத் திருத்திக்கொள்கிறது, யாரும் கூட வரவேண்டியதில்லை. அதன் இடப்பக்க சீட்டில் கார் விற்ற கடைக்காரர்கள் மாட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியாமல் இருக்கிறது.