சிவப்பு என்று நான் கொடுத்த படம்

எங்கள் கேமரா கிளப்பின் மே மாதப் போட்டிக்கான தலைப்பு ஒரு திங்கட்கிழமை காலை வாட்ஸப்பில் வந்தது. சிவப்பு. ஆளுக்கு ஒரே ஒரு படம், சனிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏற்கப்படாது என்று கடைசியில் ஒரு வரி, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று. அந்த வரி எனக்காகவே சேர்க்கப்பட்டது என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷமாக நான் கறுப்பு வெள்ளையைத் தவிர வேறு எதையும் கொடுத்ததில்லை. அதை என் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவிக் கோளாறு. இருபத்தோரு வயதில் ரயில்வே வேலைக்குத் தேர்வாகி, திருச்சியில் மருத்துவப் பரிசோதனைக்குப் போன அன்றுதான் அது எனக்கே தெரிந்தது. டாக்டர் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். பக்கம் முழுக்கப் புள்ளிகள். உள்ளே என்ன எண் இருக்கிறது என்று கேட்டார். எண் இருப்பதாக அவர் சொல்கிறாரே என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். ஏழெட்டுப் பக்கத்துக்குப் பிறகு அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "வேற வேலை பாருப்பா" என்றார். அடுத்த வருஷம் குமாஸ்தா பரீட்சை எழுதி டெல்லிக்கு வந்தேன். செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்ற பிறகும் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. பெங்களூரில் இருக்கும் மகளுக்குக்கூடத் தெரியாது.

தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். அவளிடமும் நானாகச் சொல்லவில்லை. கல்யாணமான இரண்டாவது மாதம் கடையில் பழுத்த தக்காளி என்று நினைத்து ஒரு கிலோ காயை வாங்கிக்கொண்டு வந்தேன். பையைக் கொட்டிப் பார்த்தவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "ஏங்க, உங்களுக்கு இது தெரியலையா?" என்றாள். தெரியவில்லை என்றேன். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். எந்தச் சட்டைக்கு எந்தப் பேன்ட் என்று இரவே மடித்து வைப்பாள். மார்க்கெட்டில் என் முழங்கையைத் தொட்டு நகர்த்துவாள். கோடையில் ஆட்டோவில் போகும்போது செக்கச்செவேலென்று பூக்கும் குல்மோஹர் மரங்களைக் கண்டால், "மரமே பத்தி எரியறாப்ல இருக்கு, பாருங்க" என்பாள். பார்ப்பேன். எனக்கு இலைதான் தெரியும். "ஆமா" என்பேன். "பொய்" என்பாள்.

போன ஆகஸ்டில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு முழுக்கப் போயிற்று. கால் ஓரளவு தேறியது, கோலை ஊன்றிக்கொண்டு நடக்கிறாள். இரண்டு மாதம் கழித்துப் பேச்சு வந்தபோது முதலில் வந்தது ஹிந்தி. அவள் டெல்லி கரோல் பாகிலேயே பிறந்து வளர்ந்தவள். தெருவில் விளையாடியதும் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டதும் ஹிந்தியில். வீட்டுக்குள் மட்டும்தான் தமிழ். அந்த வீட்டுத் தமிழ் எங்கோ உள்ளே போய் ஒளிந்துகொண்டது. நாற்பது வருஷம் "ஏங்க" என்று கூப்பிட்டவள், தண்ணீர் வேண்டும்போது என்னைப் பார்த்து "பையா" என்றாள், காய்கறி வண்டிக்காரனை ஹிந்தியில் அண்ணா என்று கூப்பிடுவது போல. சொன்ன உடனே தப்பு என்று அவளுக்கே தெரிந்தது. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வருகிற ஹிந்தியிலும் பாதி தாறுமாறாக வரும். டம்ளரைக் காட்டிச் செருப்பு என்பாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வாரம் ஒரு முறை வருவாள். "எதையாவது சாக்கு வைத்துப் பேச வையுங்கள் அங்கிள். அவருக்குப் பிடித்த விஷயமாக இருக்கட்டும்" என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை, செய்தியைப் படித்துவிட்டு "சிவப்பாம்" என்று நான் முணுமுணுத்தது மனைவியின் காதில் விழுந்துவிட்டது. பால்கனிப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் திரும்பி, "லால்" என்றாள். ஹிந்தியில் சிவப்பு. தெளிவாக, ஒரே மூச்சில். பல நாட்களாக அவள் வாயிலிருந்து இவ்வளவு சரியாக ஒரு சொல் வந்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு ஓடியது. இந்தத் தடவை கலந்துகொள்வது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். நான் படம் எடுப்பேன், அவள் தேர்ந்தெடுப்பாள்.

செவ்வாயும் புதனும் கேமராவோடு அலைந்தேன். சிவப்பு என்று எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த பொருள்கள் சில உண்டு. தபால் பெட்டி, காஸ் சிலிண்டர், கோயில் வாசலில் விற்கும் ஜரிகைத் துணி. கோல் மார்க்கெட் அருகே ஒரு தர்பூசணி வண்டி. கீற்றுக் கீற்றாக வெட்டி வைத்திருந்தார்கள், வெள்ளை எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. புதன்கிழமை காலை ஆறு மணிக்கே அவளைப் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். அங்கே குல்மோஹர் பூத்திருப்பதாக நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தலைக்கு மேலே மரம் வருகிற மாதிரி நான்கைந்து எடுத்தேன். அவள் மேலே பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறத்தைச் சொல்லும் செயலி ஒன்று கைபேசியில் இருக்கிறது. அதையும் முயன்று பார்த்தேன். ஒரு இடத்தில் விரலை வைத்தால் செங்கல் என்றது, கொஞ்சம் நகர்த்தினால் பாசி என்றது, இன்னும் நகர்த்தினால் துரு என்றது. ஒரு புள்ளிக்கு ஒரு பெயர். முழுப் படம் எப்படி இருக்கிறது என்று அதனால் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை எட்டுப் படங்களைப் பிரிண்ட் போட்டு எடுத்து வந்தேன். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் முன்னால் மேஜையில் பரப்பினேன்.

"இதுல எது நல்ல சிவப்பு? காட்டு, போதும். பேச வேண்டாம்."

குனிந்து பார்த்தாள். தபால் பெட்டியைத் தொட்டு, "ஹரா" என்றாள். பச்சை. உடனே தலையை ஆட்டினாள். "நஹீ. நஹீ. பீலா." அதுவும் இல்லை. மஞ்சள், நீலம், கறுப்பு என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. வேண்டிய ஒரு சொல் மட்டும் வரவில்லை. திங்கட்கிழமை அவ்வளவு எளிதாக வந்த சொல்.

"அவசரமில்ல. மெதுவா."

மெதுவா என்று சொன்னேனே தவிர, நான் விடவில்லை. ஒவ்வொரு படமாக அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதுவா? இதுவா?" எல்லாவற்றுக்கும் "ஹா(ங்), ஹா(ங்)" என்றாள். முன்னால் காட்டியதையே மறுபடி காட்டினேன். அதற்கும் ஆமாம்.

சமையலறையிலிருந்து எங்களிடம் வேலை செய்கிற அம்மாள் வந்து நின்றார். விழுப்புரம் பக்கத்துக்காரர். ஜங்புரா மதராசி கேம்பில் இருந்த குடிசை வீட்டை இடித்துவிட்ட பிறகு, இப்போது ஊர்க்கோடியில் நரேலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்.

"இன்னா சார், அம்மாவப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க? செவப்புதான வேணும்? இதோ, இந்தத் தர்பூசணி எம்மாஞ் செவப்பா கீது! கண்ணப் பறிக்குது. இதக் குடுங்க."

"நீங்க சும்மா இருங்க. அவ சொல்லணும்."

"அவங்களுக்கு வர்லனா நீங்களே எடுத்துக்க வேண்டியதுதான? உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

அவர் வெகுளியாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள். உதவ வேண்டும் என்று அவள் எவ்வளவு தவிக்கிறாள் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. திடீரென்று இடது கையால் மேஜையிலிருந்த எல்லாவற்றையும் வாரித் தள்ளினாள். படங்கள் தரை முழுக்கச் சிதறின. பிறகு அழுதாள், சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க.

நான் தரையில் முட்டி போட்டுப் பொறுக்கினேன். எழுந்து அவளைத் தேற்றியிருக்க வேண்டும். பொறுக்கிக்கொண்டே இருந்தேன். என் கையிலிருந்த படங்களிலிருந்து அவள் ஒன்றை உருவினாள். என் மார்பில் வைத்து அழுத்தினாள்.

"யே" என்றாள், இதுதான் என்று. "யே. யே."

பூங்காவில் எடுத்தது. அவள் பெஞ்சில், மேலே மரம்.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் படத்தையும் தர்பூசணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் இருக்கிற அம்மாளைக் கூப்பிட்டு, இந்த மரத்தில் சிவப்பு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டு மூன்று தடவை அந்த வாசல்வரை போனேன். கேட்கவில்லை. நாற்பது வருஷம் அவள் எடுத்து வைத்ததைத்தான் உடுத்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட வெளியில் தலைகுனிந்ததில்லை. இப்போது அவள் கொடுத்ததை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்தால், அது அவள் காதில் விழுந்தால், அப்புறம் அவள் வாயைத் திறப்பாளா? சனிக்கிழமை மதியம் பூங்காப் படத்தை அனுப்பினேன்.

கிளப் கூடுவது கோல் மார்க்கெட் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில், ஞாயிறு காலையில். பதினைந்து பேர் வந்திருந்தார்கள். நடுவராக ஒரு பெரியவரை அழைத்திருந்தார்கள், பத்திரிகையில் படம் எடுத்து ஓய்வு பெற்றவர். திரையில் ஒவ்வொரு படமாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் "வாஹ்" என்றார்கள். எனக்கு எல்லாம் ஒரே காவி மங்கலாகத் தெரிந்தது. நானும் "வாஹ்" என்றேன்.

என் படம் வந்தது. யாரும் "வாஹ்" என்று சொல்லவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"பாயி சாப்," என்றார் நடுவர், மரியாதையாகத்தான். "படம் நன்றாக இருக்கிறது. அந்த அம்மாவின் முகம் மனசில் நிற்கிறது. ஆனால் லால் எங்கே?"

எனக்கு முன்வரிசையில் இருந்தவர் மெதுவாக, "மரம், புடவை, பெஞ்சு, எல்லாமே பச்சை" என்றார். பூத்த மரம் எனக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். நான் எடுத்தது பக்கத்தில் இருந்த ஏதோ வேறு மரம்.

பதினைந்து முகங்களும் என் பக்கம் திரும்பின. எழுந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் எழவில்லை. பல் டாக்டர் ஒருவர் எங்கள் கிளப்பில் இருக்கிறார், நல்ல மனிதர். அவர்தான் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, "சிவப்பு இல்லாமல் போனதைத்தான் காட்டியிருக்கிறார், இல்லையா சார்? அதுதான் கருத்து" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சிலர் கைகூடத் தட்டினார்கள். நடுவர் சிரித்து, துணிச்சல்தான், ஆனால் தலைப்புக்குள் வராது என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அங்கே நடந்தது எதுவும் என் நினைவில் இல்லை. காதுமடல் சூடாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

படி இறங்கும்போது கிளப்பின் செயலாளர் என் பின்னாலேயே வந்தார். என் வயதுப் பஞ்சாபிப் பெண்மணி, அந்தச் சிரிக்கிற முகத்தைப் போட்டவர். என்னை நிறுத்தி, தாழ்ந்த குரலில், "உங்களுக்கு நிறம் தெரியாது, அல்லவா?" என்றார் ஹிந்தியில். "என் அண்ணனும் இப்படித்தான்."

"ஜி" என்று ஒத்துக்கொண்டேன்.

"மூன்று வருஷமாகவா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் அந்த வரியைப் போட்டிருக்கவே மாட்டேனே."

அவர் கண்ணில் நீர் நின்றது. அவரைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டேன். பரவாயில்லை, பரவாயில்லை என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு நடந்தேன்.

வீட்டில் அவள் எனக்காகக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "க்யா?" என்றாள், என்ன ஆச்சு என்பது போல. பொய் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் அவளிடம் என் பொய் எதுவும் என்றைக்கும் செல்லுபடியானதில்லை.

"கிடைக்கல. அது பச்சையாம், எல்லாமே."

அவள் முகம் மாறவில்லை. அவளுக்கு முன்பே தெரியுமா, தெரிந்தே, தன் முகம் இருக்கிற படம் என்பதற்காகக் கொடுத்தாளா, தர்பூசணியை எடுக்கப்போய்க் கை தவறியதா, அல்லது நிறமே அவளுக்கும் கலங்கிப்போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். "தெரிஞ்சுதான் குடுத்தியா?" என்றேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எதையோ சொல்ல முயன்றாள். உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. நான் குறுக்கே பேசாமல் காத்திருந்தேன். சமையலறையில் குக்கர் மூன்று தடவை கத்தி ஓய்ந்தது. அவள் பிடி மட்டும் இறுகிக்கொண்டே போயிற்று.

"சரி விடு" என்றேன். "சாப்பிடலாம் வா."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. விட மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஆகவே அப்படியே உட்கார்ந்திருந்தோம்.